கத்திரி வெயிலில் ஒரு பூந்தோட்டம், பூவோடு ஒரு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 40, 45 தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றுகூடக் காய்கறி கிடையாது, எல்லாம் பூதான். சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு வருகிறவர்கள் மாடிக்கு ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கீழே வந்து மோர் குடித்துக்கொண்டே கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வெயிலே இந்தப் போடு போடுகிறது. கோடையில் போய்ப் பூந்தோட்டமா?

நம் ஊரில் கோடைதான் மல்லிகைக்குப் பருவம். மார்கழி, தையில் கிலோ ஆயிரங்களில் விற்கும் குண்டுமல்லி, பங்குனி பிறந்ததும் மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சரக்கொன்றை பூப்பது சித்திரையில். வேம்பு பூப்பதும் அதையொட்டித்தான்; புத்தாண்டன்று வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோமே. கோடை என்றால் பூ இருக்காது என்கிற எண்ணம் குளிர்நாட்டுப் பூக்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது என்று நினைக்கிறேன். பெட்டூனியாவையும் டேலியாவையும் மே மாதம் மதுரையில் பூக்கவைக்கப் பார்த்தால் மனம் நொந்துபோகும். வெயிலோடு மல்லுக்கட்டும் செடியை விட்டுவிட்டு, வெயிலைக் குடித்து வளரும் செடியை வாங்குங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அப்படி வெயிலுக்கு அசராத செடிகள் எவை?

முதலில் காகிதப்பூ. இதற்கு நல்ல வெயில் வேண்டும், கொஞ்சம் பட்டினியும் வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றி உரமும் போட்டுச் செல்லம் கொடுத்தால் முள்ளும் இலையுமாக வளர்ந்து நிற்கும். இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், கொத்துக் கொத்தாக வரும். நாம் பூ என்று பார்க்கும் அந்த ரோஸ் நிறம் உண்மையில் இதழே அல்ல, நிறம் மாறிய இலை. நடுவில் வெள்ளையாக, குச்சிபோல மூன்று நிற்கின்றனவே, அவைதாம் பூ. அதனால்தான் அந்த நிறம் அத்தனை நாள் உதிராமல் நிற்கிறது.

அடுத்து டேபிள் ரோஸ். பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் நாலு தண்டைக் கிள்ளி வாங்கி மண்ணில் செருகினால் போதும், காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் செடி. வெயில் ஏறினால்தான் கண் திறக்கும், மேகம் போட்டால் சுருண்டுகொள்ளும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டி இதற்கு நல்லது. எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த அலுமினிய அன்னக்கூடை ஒன்றில்தான் வளர்கிறது.

நித்யகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். நம் ஊரில் சுடுகாட்டு ஓரத்தில்கூட யாரும் நடாமலே பூத்துக் கிடப்பதால் வீட்டில் வைக்கச் சிலர் யோசிப்பார்கள். அதை விட்டுத்தள்ளுங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவைதாம். வெயிலுக்கு இது சாகாது, தண்ணீருக்குத்தான் சாகும். ஈரம் தேங்கினால் அடித்தண்டு கறுத்து ஒரே நாளில் சாய்ந்துவிடும்.

இட்லிப்பூ, அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, கோழிக்கொண்டை எல்லாமே தைரியமாக வைக்கலாம். மாசியில் ஜீனியா விதை போட்டால் 2 மாதத்துக்குள் பூ வந்துவிடும். கனகாம்பரத்துக்கு மட்டும் மதிய வெயில் ஆகாது, சுவர் நிழல் விழும் இடத்தில் வையுங்கள். அந்திமந்தாரையை மறந்துவிடாதீர்கள். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு மேல்தான் விரியும், வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பார்ப்பதற்கென்றே பூப்பதுபோல.

ரோஜா?

சித்திரையில் வாங்காதீர்கள். ஒரு வருடம் ஏப்ரலில், ஒரு நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் குளுகுளு என்று நின்ற 6 ரோஜாத் தொட்டிகளைப் பார்த்து மயங்கி வாங்கிவந்தேன். நேரே மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மே பிறக்கும்முன் 5 போய்விட்டன. ரோஜா பிடிக்கும் என்றால் ஆடிக்குப் பிறகு வாங்கி வேர்பிடிக்கவிடுங்கள். அடுத்த கோடையைத் தாங்கும், பூ மட்டும் சிறுத்து வரும். சாமந்தியும் இப்படித்தான், ஆனால் அதற்குக் காரணம் வேறு. பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் சாமந்தி மொட்டு வைக்கும். கோடையில் அது பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டிப் பயன் இல்லை.

மல்லிச் செடி நன்றாகத் தழைக்கிறது, பூவே இல்லை. ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: கவாத்து செய்தீர்களா?

மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கொடியை வெட்டாமல் விட்டால் அது நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்துக்குக் காலம். தோட்டக்காரர்கள் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொட்டையாக வெட்டிவிடுவார்கள். தொட்டிச் செடியை ஓர் அடிக்கே வெட்டலாம். வெட்டியதும் செடி குச்சியாக நிற்பதைப் பார்த்து மனசு பதறும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடவே இலைகளையும் உருவிவிட்டு, மேல் மண்ணைக் கிளறி, தொழு உரமோ மண்புழு உரமோ 2 கை போட்டுவிடுங்கள். பங்குனியில் பலன் தெரியும். முல்லைக்கும் பிச்சிக்கும் வெட்டும் காலம் தள்ளிப்போகும்: பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

நவம்பரைத் தவறவிட்டுவிட்டீர்களா? பரவாயில்லை. இப்போது பூத்து முடிந்த நுனிகளை மட்டும் 2 கணு விட்டுக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடித்து, அடுத்த சுற்று மொட்டு வரும்.

இரண்டாவது காரணம் வெயில் போதாமை. ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத பால்கனியில் மல்லி கொடியாகத்தான் ஓடும். மூன்றாவது, யூரியா மாதிரி தழைச்சத்து உரம் அதிகமாகப் போடுவது. மொட்டு வந்து, அது ஊதா நிறமாக மாறி ஓட்டையோடு உதிர்ந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து நசுக்கிவிட்டு, சாயங்காலமாக வேப்பெண்ணெய் தெளியுங்கள்.

பதியன் வாங்கும்போது ஒரு விஷயம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. ஆனால் அதற்கான பதியன்கள் ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்து வருபவை. நர்சரியில் ‘தங்கச்சிமடத்துச் செடி’ என்று சொன்னால் வேறு ரகத்தைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

காலை 7 மணிக்குள் ஒரு முறை. மே மாதத்தில் சிறிய தொட்டிகளுக்குச் சாயங்காலமும் ஒரு முறை. 12 அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும், அடித் துளையில் ஈரம் கசிவதுவரை ஊற்றுங்கள். ஆனால் கணக்கைவிட விரல் நல்லது. மண்ணில் இரண்டு கணு அளவுக்கு விரலை விட்டால், ஈரம் இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றி ஊற்றி வேரை அழுகவிடுபவர்கள்தான் அதிகம்.

மதியம் 2 மணிக்கு இலை வாடித் தொங்கினால் பதறவேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலையிலிருந்து நீர் ஆவியாகிறது, அதனால் செடி இலையைத் தொங்கப்போட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் தானே நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. நிமிராவிட்டால்தான் தண்ணீர்ப் பிரச்சினை.

ஒரு முறை இப்படி வாடியதைப் பார்த்துப் பாவப்பட்டு மதியம் ஒரு மணிக்கு ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டேன். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருந்த தண்ணீர் டீ போடும் பதத்தில் வந்தது. அந்த வரிசையில் இருந்த 3 ஜீனியாவும் மறுநாள் காலி. குழாயைத் திறந்தால் முதலில் உங்கள் கையில் படட்டும், பிறகு செடிக்கு.

மண்ணின்மேல் மூடாக்குப் போடுவது தண்ணீரைப் பாதியாகக் குறைக்காவிட்டாலும் நிறையவே மிச்சப்படுத்தும். காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை, எது கிடைக்கிறதோ அதை 2 அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், ஒரே உப்பு. என்ன செய்ய?

தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறதா? அது உப்புதான். மாதத்துக்கு ஒரு நாள் தொட்டிக்கு 2, 3 மடங்கு தண்ணீர் ஊற்றி அடிவழியாக ஓடவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து போகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அருமையானது, அதில் உப்பே கிடையாது. ராத்திரி ஏசிக்கடியில் வாளி வையுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் இருக்கும், அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் பருப்பு கழுவிய தண்ணீரும் செடிக்குத்தான். சாதம் வடித்த கஞ்சியை உப்புப் போடாமல், ஆறவைத்து, நன்றாகத் தண்ணீர் கலந்து ஊற்றலாம்.

மண் கலவை எப்படி? மாடி பாரம் தாங்குமா?

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசிப் பிழிந்துவிட்டுக் கலந்துகொள்ளுங்கள். அதிலும் உப்பு இருக்கும்.

பாரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டி 20 லிட்டர் பிடிக்கும். நனைந்தால் 25 கிலோ. இப்படி 40 தொட்டி என்றால் ஒரு டன். ஒரே இடத்தில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் இருக்கும் ஓரமாக வரிசையாக வைத்தால் சாதாரண கான்கிரீட் தளத்துக்குப் பெரிய கவலை இல்லை. பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்), ஏற்கெனவே கசிவு உண்டு என்றால் ஒரு கொத்தனாரிடமோ இன்ஜினியரிடமோ காட்டிவிட்டு வையுங்கள். எப்படியும் தொட்டிக்கடியில் 2 செங்கல் கொடுத்துத் தூக்கியே வைக்க வேண்டும். தளமும் கெடாது, தரைச்சூடு வேரையும் தாக்காது.

மண்தொட்டி வேரைக் குளுமையாக வைக்கும், ஆனால் சீக்கிரம் காயும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை வைத்திருக்கும், ஆனால் வேரை வேகவைத்துவிடும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் வெளிப்புறம் வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், அல்லது நனைத்த சாக்கைச் சுற்றிவிடுங்கள். சாக்கு பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நிழல்வலை கட்டாயமா?

மேலே சொன்ன வெயில்செடிகளுக்கு வேண்டாம். நாற்று, கனகாம்பரம், புதிதாக வாங்கிய செடிகளுக்கு, வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை ஒரு மூலையில் இருந்தால் போதும்.

செம்பருத்தியில் பஞ்சுபோல வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கிறதே?

மாவுப்பூச்சி. முதலில் எறும்பு வரிசை போகிறதா பாருங்கள். அந்தப் பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பே அதைக் காவல் காக்கும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது. ரொம்பப் பிடித்த நுனியை வெட்டிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், தொட்டியிலேயே போடாதீர்கள். மீதியைத் தண்ணீரை வேகமாக அடித்து உதிருங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு 2 சொட்டு சோப்புத் திரவம் கலந்து, வாரம் ஒரு முறை, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பகலில் தெளித்தால் எண்ணெயும் வெயிலும் சேர்ந்து இலையைச் சுட்டுவிடும். கோடையில் இலைக்கு அடியில் சிலந்தி வலைபோல மெலிதாகத் தெரிந்து, இலை வெளிறினால் அது செம்பேன். அதற்கு இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் காலையில் தண்ணீரால் கழுவுவதே பாதி வைத்தியம்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். செடிகள் என்ன ஆகும்?

எல்லாத் தொட்டிகளையும் நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். பெரிய தொட்டிகளில் ஒரு சின்ன மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் சுவர் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். பெயிண்ட் அடிக்காத கலயமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவது இதையெல்லாம்விடச் சிறந்தது. பூத்த மல்லியை நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நாள்கூடத் தவறாது.

சரி, தோட்டம் ஆயிற்று. இந்தப் பூக்களை வைத்து வீட்டை எப்படி அழகுபடுத்துவது?

எல்லோரும் முதலில் உருளிதான் வாங்குகிறார்கள். கேரளத்தில் பாயசம் காய்ச்சிய வெண்கலப் பாத்திரம், இப்போது எல்லா வீட்டு வரவேற்பறையிலும் பூ மிதக்கும் பாத்திரமாகிவிட்டது. நல்லதுதான், ஆனால் விலை அதிகம். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆட்டுக்கல். பாட்டி காலத்தில் இட்லிக்கு மாவாட்டியது. கிரைண்டர் வந்தபிறகு 20 வருடத்துக்கு மேல் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதை 2 பேர் பிடித்து உருட்டிவந்து வாசல்படி ஓரம் வைத்தோம். குழவியை எடுத்துவிட்டால் நடுவில் ஒரு குழி. மாவாட்டி மாவாட்டி உட்புறம் சோப்புக்கட்டிபோல வழுவழுத்திருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, காலையில் 5 செம்பருத்தியும் சுற்றிலும் நந்தியாவட்டையும் போட்டால் கறுப்புக் கல்லில் அந்தச் சிவப்பு அப்படி எடுக்கும். மத்தியானம் அணில் வந்து விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது, சில நாள் ஒரு பூவையும் தூக்கிக்கொண்டு. உங்கள் ஊர் வீட்டிலும் ஓர் ஆட்டுக்கல்லோ உரலோ கேட்பாரற்றுக் கிடக்கும், விசாரித்துப் பாருங்கள்.

எந்தப் பூவை மிதக்கவிடலாம்? செம்பருத்தி ஒரு நாள் பூ, அந்திக்குள் சுருங்கிவிடும். இட்லிப்பூக் கொத்து 2, 3 நாள் நிற்கும். காகிதப்பூ மெலிது, நன்றாக மிதக்கும். காம்பைப் புல்லிவட்டத்தை ஒட்டி வெட்டினால் பூ சாயாமல் நிமிர்ந்து நிற்கும். விருந்தினர் வருகிற நாளில் நான் செய்வது வேறு. சாயங்காலம் 5 மணிக்கு விரியாத மல்லி மொட்டுகளை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கொட்டி ஹாலில் வைத்துவிடுவேன். ஏழரை மணிக்கு அவர்கள் சாப்பிட உட்காரும்போது மொட்டெல்லாம் விரிந்து வீடே மணக்கும். ஊதுவத்தி எதுவும் தேவைப்படாது.

தண்ணீர் வைத்தால் கொசு வராதா?

வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே 2 நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரால் உட்புறத்தை ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளுக்கும் இதே கதைதான்.

ஜாடியில் வைத்த பூ ஒரே நாளில் தொங்கிவிடுகிறதே?

மாம்பழம் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். விளையாட்டில்லை. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பூவையும் சீக்கிரம் மூப்படையச் செய்யும். கோடையில் சாப்பாட்டு மேசையில் மாம்பழக் கூடையும் பூஜாடியும் அருகருகே இருப்பது நம் வீடுகளில் சகஜம். ஜாடியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

மற்றபடி விடிகாலையில் வெட்டுவது, காம்பைச் சாய்வாக வெட்டுவது, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுவது, தினமும் தண்ணீர் மாற்றுவது, இவ்வளவுதான். ஜாடிக்கென்றே பூ வேண்டுமென்றால் சம்பங்கியைத் தண்டோடு வாங்குங்கள். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து நிறைய வருகிறது. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மலரும், 5, 6 நாள் நிற்கும், ராத்திரியில் வாசம் கூடும்.

வாடகை வீடு, சின்ன பால்கனி மட்டும்தான். ஆணி அடிக்கவே விடமாட்டார்கள். எங்களுக்கு ஏதாவது?

பால்கனிக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டும் தொட்டிகள் 4. கிழக்கோ மேற்கோ பார்த்தால் டேபிள் ரோஸ், சங்குப்பூ. வெயிலே வராது என்றால் மணி பிளான்ட், கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கனகாம்பரம். தொங்கும் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சேறு சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால்கனித் தோட்டங்கள் பூச்சியால் அழிவதைவிடச் சண்டையால் அழிவதுதான் அதிகம்.

வீட்டுக்குள் கோடைக்கென்று வேறு என்ன மாற்றலாம்?

கனமான பாலியஸ்டர் திரைகளைக் கழற்றித் துவைத்து மூட்டை கட்டுங்கள். பீரோவில் கட்டாமல் கிடக்கும் சுங்குடிச் சேலை ஒன்று போதும், நடுவே கிழித்து ஓரம் அடித்தால் 2 ஜன்னலுக்குத் திரை. சேலையில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதால் வரும் அந்த வெள்ளைப் புள்ளிகள் வழியாகக் காலை வெயில் வரும்போது எதிர்ச்சுவரில் நிறம் படியும். அரக்கு நிறம் அறையைச் சூடாகக் காட்டும், பச்சையோ நீலமோ எடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் திரை போதாது. வெயிலை வெளியிலேயே நிறுத்த வெட்டிவேர்த் தட்டியோ மூங்கில் தட்டியோ வெளிப்பக்கம் தொங்கவேண்டும். வெட்டிவேர்த் தட்டியில் மதியம் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்று மண்வாசனையோடு வரும். நனைந்தால் கனக்கும், கொக்கி பலமாக இருக்கட்டும்.

தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டுக் கோரைப்பாய் விரியுங்கள். பத்தமடைப் பாய் வாங்க முடிந்தால் அதைச் சுவரில் மாட்டிவிடாமல் படுத்துப் பாருங்கள், பட்டுமாதிரி மடங்கும். செடிகள் நிறைய இருக்கும் வீட்டில் பொம்மைகளையும் பிளாஸ்டிக் பூக்களையும் குறைத்தால்தான் இவை கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பூவில் எனக்கு உடன்பாடே இல்லை. தூசிதான் பூக்கிறது.

உள்ளே செடி வைத்தால் காற்று சுத்தமாகுமாமே?

1989-இல் நாசா செய்த ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்தது. ஜன்னல், கதவு உள்ள நம் வீட்டில் அந்தப் பலன் தெரியவேண்டுமென்றால் கால் வைக்க இடம் இல்லாமல் செடியாக வைக்கவேண்டும். பார்க்கப் பச்சையாக இருக்கிறது என்பதற்காக வையுங்கள், அதுவே போதுமான காரணம்.

சின்னக் குழந்தை இருக்கிறது. எதைத் தவிர்க்கலாம்?

அரளியை. பூ, இலை, காம்பு, பால் எல்லாமே விஷம். நித்யகல்யாணியையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். மணி பிளான்ட் இலையை மென்றால் வாய் எரிந்து வீங்கும், நாய், பூனைக்கும் அப்படித்தான்.

மாடியில் மாலையில் உட்கார ஆசை. ஆனால் தரை ராத்திரி ஒன்பது வரை கொதிக்கிறதே?

பகல் முழுக்கச் சேர்த்த சூட்டைத் தளம் இரவில்தான் விடும். ஐந்தரை மணிக்கு 2 வாளித் தண்ணீரை வீசிவிட்டு, ஆறரைக்கு மறுபடி ஒரு வாளி. முடிந்தால் தளத்துக்கு வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடித்துவிடுங்கள், கீழ் அறைக்கும் நல்லது. அப்புறம் பாயைத் தரையில் விரிக்காமல் கயிற்றுக் கட்டிலில் உட்காருங்கள். அடியிலும் காற்று ஓடும்.

விளக்கு குறைவாக இருக்கட்டும். கலர் கலராக மின்னும் சீரியல் லைட்டு கல்யாண மண்டபத்துக்குச் சரி. மாடிக்கு மஞ்சள் ஒளி ஒரு சரம், அதுவும் கைப்பிடிச் சுவருக்கு உட்பக்கமாக. அகல் ஏற்றினால் காற்றுக்கு நிற்காது, கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள். வெள்ளைப் பூக்கள் ஒரு வரிசை இருந்தால் விளக்கே தேவையில்லை. மல்லி, நந்தியாவட்டை, வெள்ளை நித்யகல்யாணி மூன்றும் நிலா வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். சித்திரைப் பௌர்ணமி அன்று அழகரைப் பார்த்துவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்தால் அது புரியும்.

ஆறரை மணிக்கு ஒரு மல்லி மொட்டைக் குறிவைத்துப் பாருங்கள். இறுக்கமாக, அடியில் லேசாகப் பச்சை ஓடி, முத்துபோல இருக்கும். வாசம் இருக்காது. போனை எடுத்துவிட்டுத் திரும்பினால் நுனி பிரிந்திருக்கும். ஏழு தாண்டியதும் வெளி அடுக்கு ஒன்று சட்டென்று மடங்கும், அப்போதுதான் வாசம் கிளம்பும். பக்கத்தில் இருப்பது அவிழ்வதற்குள் இது முழுதாக விரிந்திருக்கும்.

பூவைப் பறிக்க மனசு வரவில்லையே, செடியிலேயே விட்டுவிடலாமா?

மல்லியைப் பறித்துவிடுங்கள். மறுநாள் எப்படியும் உதிர்ந்துவிடும். பறித்ததைத் தண்ணீர் தெளிக்காமல் வாழையிலையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த நாள் தொடுக்கலாம். ஜீனியாவையும் செண்டுமல்லியையும் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும், விதை கட்டவிட்டால் செடி ஓய்ந்துவிடும். செம்பருத்தியில் மட்டும் 2 பூவை விட்டுவையுங்கள். காலை 8 மணி வாக்கில் தேன்சிட்டு வரும், பூ இல்லை என்றால் கம்பியில் உட்கார்ந்து கத்தும்.